ஊசியிலையின் வாய்

சித்தப்பா அரிவாள் நுனியால் பானையை ஒரு தட்டுத் தட்டினார்.

துளை விழுந்தது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது.

இடது தோளில் பானையைப் பிடித்திருந்த அவளுடைய கட்டைவிரல், தானாக நகர்ந்து போய்த் துளையை மூடிக்கொண்டது.

"வெரல எடு பாப்பா. தண்ணி போகணும்."

எடுத்தாள்.

பொம்பளைப் பிள்ளை கொள்ளிப் பானை தூக்கலாமா என்று காலையில் ஒரு பேச்சு கிளம்பியது. என் அண்ணனுக்கு இவளை விட்டால் வேறு யார் என்று சித்தப்பாதான் அதை அடக்கினார்.

இரண்டு வருடமாக அவளுக்குத் தண்ணீரைக் காவல் காக்கிற வேலை.

அப்பா கொடைக்கானலில் பைன் காட்டு வாசலில் முப்பது வருடம் டீக்கடை வைத்திருந்தவர். குளிரில் நடுங்கி வருகிற ஊருக்கெல்லாம் டீ ஆற்றிக் கொடுத்தவர். அவருக்குச் சிறுநீரகம் போனது. வாரம் இரண்டு டயாலிசிஸ். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான், ரசம் மோர் எல்லாம் சேர்த்து, என்றார் டாக்டர்.

அவள் ஒரு நீல பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டாள்.

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். அளவு தவறாது.

ஒருநாள் மைக்ராஸ்கோப்பை வீட்டுக்கே தூக்கி வந்தாள். அவர் கடை வாசலில் கிடந்த பைன் ஊசியிலைதான். பிளேடால் மெல்லிசாகச் சீவி, சிவப்புச் சாயம் ஏற்றிக் காட்டினாள்.

"ஓரத்துல குழி குழியா தெரியுதாப்பா? அதுக்கு அடியில இருக்கறதுதான் இலையோட வாய். மத்த இலையில மேலாக்க இருக்கும். இதுல உள்ள பதுங்கி இருக்கு. காத்து வந்து ஈரத்தை எடுத்துட்டுப் போக முடியாது. மேல மெழுகு வேற."

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மழையிலயும் இவ்வளவு சிக்கனமா? அந்த மரத்துக்கும் உங்க டாக்டர்தானா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவருடைய உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. அவள் பஞ்சை நனைத்து ஒற்றினாள். பஞ்சில் இருந்ததையும் கணக்கில் கழித்தாள்.

இரண்டாவது சுற்று.

இரண்டாவது துளை. இந்த முறை விரல் போகாமல் பிடித்துக்கொண்டாள்.

நேற்றுச் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் கேட்டார். ஒரே ஒரு வாய்.

மத்தியானமே கோடு வரை முடிந்துவிட்டிருந்தது. அவள் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள், பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல.

"நாளைக்குப்பா."

அவர் சரி என்று தலையாட்டினார். கோபித்துக்கொள்ளவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆறு மணிக்கு இதயம் நின்றுவிட்டது. தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நீங்க செய்தது சரிதான் என்று டாக்டர் போனிலேயே இரண்டு முறை சொன்னார்.

சரிதான்.

சுடுகாட்டுக்குப் பின்னால் பைன் மரங்கள் நின்றன. மதியத்திலேயே மூடுபனி இறங்கி, ஒவ்வொரு ஊசியின் நுனியிலும் ஒரு சொட்டு தொங்கியது.

மூன்றாவது சுற்று.

அரிவாள் தட்டியது. மூன்று துளையிலிருந்தும் தண்ணீர் வளைந்து போய் வரட்டிமேல் விழுந்து வீணாகிக்கொண்டிருந்தது.

அப்பாவின் முகத்தை மட்டும் இன்னும் மூடவில்லை. வாயில் போட்ட அரிசி உலர்ந்து உதட்டில் ஒட்டியிருந்தது.

அவள் நடையை நிறுத்தினாள்.

ஓர் அடி உள்ளே நகர்ந்து, தோளைச் சற்றுச் சாய்த்தாள்.

தண்ணீர் அரிசியை நனைத்தது. உதட்டை நனைத்தது. வாய்க்குள் போய் நிரம்பி, கடைவாய் வழியாகக் கழுத்தில் இறங்கியது.

பின்னால் யாரோ, நடக்கச் சொல்லுங்கப்பா, நேரமாகுது என்றார்கள்.

சித்தப்பா அரிவாளைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பானை காலியாகும் வரை அவள் நகரவில்லை.