ஷட்டரின் கனம்

மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஷட்டர் இன்னும் தரையில்தான் கிடந்தது.

கார் ஷெட்டின் வாசலுக்கு மேலே இரும்புக் குழாய் மட்டும் மொட்டையாகத் தெரிந்தது. அதற்குள் புது ஸ்பிரிங்குகள். அவற்றை முறுக்கி ஏற்றிய பிறகுதான் ஷட்டரைக் குழாயில் மாட்ட முடியும்.

இரண்டு ஸ்டூல்கள். ஒன்றில் அவர். இன்னொன்றில் அவர் மனைவி.

ஆளுக்கொரு பைப் ரெஞ்சு.

அவர் கால் சுற்று திருப்புவார். "பிடி" என்பார். அவள் தன் ரெஞ்சால் குழாயைக் கவ்விக்கொள்வாள். அவர் தன்னுடையதை எடுத்து மேலே மாற்றிப் போடுவார். "விடு" என்பார். அவள் மாற்றிப் போடும் அந்த இரண்டு நொடி, குழாய் அவர் கையில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

இதுவரை முயன்ற மூன்று முறையும் ஏற்றிய முறுக்கெல்லாம் கிர்ரென்று திரும்பிவிட்டது. கடைசி முறை ரெஞ்சு அவர் காதோரமாகப் போய்ச் சுவரில் அடித்தது. சுவர்ப் பூச்சு பெயர்ந்து அவள் தலையில் கொட்டியது.

முதல் முறை, குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு என்றார். இறங்கி, துணி தேடி, ஏறித் துடைத்தார்.

இரண்டாம் முறை, ரெஞ்சின் பல் தேய்ந்துவிட்டது என்றார்.

மூன்றாம் முறை, "நீ எங்க பாத்துட்டு நிக்கற?" என்று கத்தினார்.

அவர் வலக்கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை.

"ஏனுங்க, ஆளக் கூப்பிடலாங்க."

"இருபத்தேழு வருசம் மில்லுல ஃபிட்டரா இருந்தவன் ஷட்டருக்கு ஆளக் கூப்பிட்டா ஊரே சிரிக்கும்."

"காது போனாலும் சிரிக்குமுங்க."

அவர் சிரிக்கவில்லை.

எல்லாம் அவள் சொன்ன ஒரு பொய்யால் வந்தது.

போன மாதம் ஒரு காலை. அவர் ஷட்டரைத் தூக்கினார். முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. இடக்கையையும் கொடுத்தார். பிறகு தோளைக் கொடுத்தார். அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினார். பின்னால் அவள், துவைத்த துணி வாளியோடு.

அந்த முகத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தையற்காரனைத் திட்டியிருந்தார். டம்ளர் நழுவியதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பைத் திட்டியிருந்தார்.

"எனக்குந்தான் தூக்க வர மாட்டேங்குது. ஸ்பிரிங் போயிருச்சாட்ட இருக்குதுங்க" என்றாள்.

"அதானே" என்றார். முகம் தெளிந்தது.

மறுநாளிலிருந்து, அவர் குளிக்கப் போகும் நேரத்தில் அவளே ஷட்டரைத் தூக்கி வைத்தாள். ஒற்றைக் கையால். கேட்டால், எதிர்வீட்டு லோகநாதன் தூக்கிவிட்டார் என்றாள்.

பொய் அத்தோடு நிற்கும் என்று நினைத்தாள். அவர் கடைக்குப் போய் ஸ்பிரிங் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இன்று காலை பழையதைக் கழற்றினார். துரு பிடித்திருந்தது. ஓரம் தேய்ந்திருந்தது. ஆனால் எங்கும் உடைசல் இல்லை. வெயிலில் பிடித்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போயிருச்சு" என்றார்.

நான்காம் முறைக்கு ஏறும்போது லோகநாதன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்னங்கண்ணா, ஞாயித்துக்கிழமை சர்க்கஸா?"

"ஸ்பிரிங் மாத்தறனுங்க. இனி உங்களுக்குத் தொந்தரவில்லை. தெனமும் வந்து தூக்கிவிட்டீங்களே."

லோகநாதன் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நானுங்களா?"

அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"ஆமாமா... அதுக்கென்னங்கண்ணா" என்றார் லோகநாதன். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அவர் ரெஞ்சைக் குழாயில் போட்டார்.

"பிடி."

இந்த முறை அவர் தன் கையை நம்பவில்லை. ரெஞ்சின் காம்பைத் தோளில் வாங்கிக்கொண்டார். அவள் மாற்றிப் போடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சட்டைத் தோளில் இரும்பின் கறை பதிந்தது.

ஒரு சுற்று.

இரண்டு.

மூன்றில் குழாய்க்குள் ஏதோ முனகியது. ஸ்டூல் ஆடியது.

நான்கு.

நாலு போதும் என்று காலையில் அவரே சொல்லியிருந்தார். அதற்குமேல் முறுக்கினால் ஷட்டர் இன்னும் லேசாகத்தான் போகும். ஆனால் ஸ்பிரிங் தாங்காது. என்றைக்கு வேண்டுமானாலும் தெறித்துவிடும்.

குழாயை நிறுத்திவைக்கும் கம்பியை எடுக்க அவள் கை நீட்டினாள்.

அவர் மறுபடி ரெஞ்சை மாற்றிப் போட்டார்.

"நாலு ஆச்சுங்க."

அவர் ஸ்டூலில் காலை அகட்டி நின்றார்.

"ஏனுங்க, நாலு ஆச்சு."

அவருடைய வலக்கை விரல்கள் காம்பைச் சுற்றி இருந்தன. பிடித்திருக்கவில்லை. சும்மா வைத்திருந்தது போல இருந்தன.

மொத்த முறுக்கும் இப்போது அவள் கையில் இருந்தது. மணிக்கட்டு கடுத்தது. இறங்கித் தொலையுங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"எனக்கு அது கனமா இருந்ததே இல்லீங்க. ஒரு நாளும்."

அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "குளிக்கறப்போ சத்தம் கேக்கும். ஒரே இழுப்புல மேல போகும்."

தோளைக் காம்புக்கு அடியில் கொடுத்தார்.

"எனக்குத்தான் கை நிக்க மாட்டேங்குது புள்ள. இன்னொரு சுத்துப் போட்டாத்தான் என்னால தூக்க முடியும்."