கோடு போட்ட சட்டை, கட்டம் போட்ட கை

"இவருக்கு மறதி முத்திப்போச்சு டாக்டர்!" தையல்காரரின் மனைவி பொரிந்து தள்ளினாள். "இவர் துணியை வெட்டி, ஒவ்வொரு சட்டைக்கும் தனித்தனிக் கட்டாக் கட்டித் தருவார், நான் தைப்பேன். நேத்து துணிக்கட்டை மாத்திக் கட்டி, கோடு போட்ட சட்டைக்குக் கட்டம் போட்ட கை! கத்திரிக்கோல் ஃப்ரிட்ஜுக்குள்ள! போன வாரம் ஊசிக்குப் பயந்து, துணைக்கு என்னையும் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க வெச்சார்."

தையல்காரர் இருவரின் ரத்த ரிப்போர்ட்டையும் நீட்டினார்.

டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்தார். "ஈரல்ல ஒரு வைரஸ் பல வருஷமா தங்கியிருக்கு. மறதிக்கு அதுவும் காரணமா இருக்கலாம். வைரஸை மாத்திரையில போக்கிடலாம்; ஞாபகமும் கொஞ்சம் தெளியலாம்."

"வேளை தவறாம குடுத்துடறேன் டாக்டர்."

"நீங்கதாம்மா சாப்பிடணும். வைரஸ் உங்க ரத்தத்துலதான் இருக்கு. அவருக்கு ஒண்ணுமில்லை."

அவள் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். "அப்போ அந்தக் கட்டு?"

"சரியாத்தான் கட்டினேன்."

"கத்திரிக்கோல்?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழியை எல்லாம் ஏங்க உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"நீ பயந்துடுவியேன்னுதான். அதோட, என்னைத் திட்டறப்ப மட்டும் உனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கலை. எனக்கு அது ஒண்ணுதான் தெம்பா இருந்துச்சு."