நாற்காலிகள் வந்த மாலை

"பொம்பளைங்க உட்கார இங்க நாற்காலி கிடையாதும்மா," என்றார் அந்தச் செர்பியச் சிற்றூரின் வாசகசாலைத் தலைவர் நிகிஃபோர். பெண்களுக்கும் பள்ளிக்கூடம் வேண்டுமென்று கூட்டம் போட வந்திருந்த ஸவ்கா, "அவ்வளவுதானே?" என்று சிரித்துவிட்டுப் போனாள். மறுநாள் மாலை தெரு நிறைய நாற்காலிகள் நடந்து வந்தன. தலையில் கவிழ்த்தவை, இடுப்பில் இடுக்கியவை, மாவு ஒட்டிய அடுக்களை முக்காலி ஒன்று. திறந்த வாய் மூடாமல் நிகிஃபோர் வாசலில் நின்றார். கடைசியாக வந்தது, வீட்டில் அவர் மட்டுமே உட்காரும் சிவப்பு மெத்தை நாற்காலி. அதன் பின்னால் அவர் மனைவி பெர்சிதா மூச்சிரைத்தாள்.

"பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, ஒரு பக்கம் பிடிங்க!"

உள்ளே ஸவ்கா பேச்சைத் தொடங்காமல் காத்திருந்தாள். நிகிஃபோர் குனிந்து பிடித்தார். மெத்தையில் சுருண்டிருந்த பூனை கண்ணைத் திறக்காமலே படியேறியது.