இறால் ஓட்டுக் கட்டு

"மறுபடியும் துடைச்சு எடுத்துட்டீங்களா?"

நர்ஸ் நெரெய்தாவுக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. இறால் படகில் வேலை செய்யும் அபுந்தியோவின் குதிகாலில் சர்க்கரைப் புண் போன வாரம் இருந்தபடியே இருந்தது.

இறால் ஓட்டிலிருந்து எடுத்த நுண்ணிழையில் செய்த புதுக் கட்டு. புண்ணில் பட்டால் கரைந்து கொழகொழவென்று ஆகும். அந்தப் பசைதான் மருந்து. மெக்சிகோவின் மஸத்லான் துறைமுக கிளினிக்கில் இதைக் கட்டிக்கொண்ட எட்டுப் பேருக்கும் ஆறே வாரத்தில் புண் மூடிவிட்டது. இவருக்கு இது பதினோராவது வாரம்.

மனைவி எவுலாலியா தலையைக் குனிந்தாள்.

"சீழுன்னு நெனச்சு நான்தாம்மா துடைச்சேன்."

"அது சீழ் இல்லன்னு எத்தனை வாட்டி சொல்றதுக்கா? அவர் கால எடுத்தாத்தான் உங்களுக்கு நிம்மதியா?"

எவுலாலியா வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கிளினிக்கில் ஏற்கெனவே பேச்சு அடிபட்டுக்கொண்டுதான் இருந்தது. திங்கட்கிழமையோடு தடைக்காலம் முடிகிறது, இறால் படகுகள் கிளம்பிவிடும். இருபத்தெட்டு வருஷம் கரையில் காத்துக் கிடந்தவள், புருஷனை வீட்டோடு வைத்துக்கொள்ளப் புண்ணை ஆறவிடாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று. நெரெய்தாவும் அதை நம்பினாள்.

"அண்ணே, நீங்க பேசாம இங்கேயே படுத்துக்குங்க. அக்கா கையில விட்டா உங்க கால் தேறாது."

அபுந்தியோ சிரித்தார்.

"அவள ஏம்மா வையிற? துடைச்சது நான். அவ சந்தைக்குப் போனதும் சோப்பு போட்டுக் கழுவிடுவேன்."

"நீங்களா! ஏன்?"

"மூணு புள்ளைங்க பொறந்தப்பவும் நான் கடல்லதான் இருந்தேன். இந்தப் புண்ணு வந்து வீட்ல உக்காந்தப்புறம்தான் தெரியுது, காலைல தோர்த்தியா ரொட்டி தட்டறப்ப அவ பாடுவான்னு. ரெண்டு காலும் நல்லாருக்கிற இறால்காரன் கரையில உக்காந்தா இந்த ஊரு விடுமா? படகுக் கேப்டன் கூப்பிட வாசல்ல வந்து நிப்பான். அந்தப் பாட்ட இன்னும் கொஞ்ச நாள் கேக்கணும்னு ஆசையா இருக்கும்மா."

"கால் போயிடும்ண்ணே."

"பாட்டு கேக்க காலு எதுக்கு?"

நெரெய்தாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து எவுலாலியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுக்குங்கக்கா. அவர்தான் கழுவுறார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"குளியலறைல சோப்பு கரையறது எனக்குத் தெரியாதா? உள்ள அவர நீ திட்டினா அவரு முகம் சுண்டிப் போயிடும். அதான் நான் வாங்கிக்கிட்டேன். இன்னைக்கு நல்லாக் கட்டி விடும்மா. இனிமே கழுவ மாட்டாரு."

"எப்படிச் சொல்றீங்க?"

எவுலாலியா தோளில் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நேத்தே கேப்டன் வீட்டுக்குப் போயி, 'அவருக்குக் கால எடுத்தாச்சு, வேற ஆளப் பாத்துக்குங்க'ன்னு அழுதுட்டு வந்துட்டேன். இனிமே அவரக் கடலுக்குக் கூப்பிட யாரும் வர மாட்டாங்க. அந்தக் கால நீதாம்மா காப்பாத்திக் குடுக்கணும்."