மாடி வேண்டாம்

அறந்தாங்கியில் அறிவியல் புனைகதை வாசகர்கள் வருடம் ஒருமுறை கூடுவார்கள். நடத்துவது கோபிநாத்தும் உதயசூரியனும்தான். இந்த முறை எதையெல்லாம் மாற்றலாம் என்று இருவரும் பேச உட்கார்ந்தார்கள்.

"மேடைப் பேச்சைக் குறைச்சு, கேள்வி நேரத்தைக் கூட்டிருவோம்" என்றான் கோபிநாத்.

"அது சரிடா. மொதல்ல அந்த மாடி ஹாலை விட்டுருவோம். கீழ்த்தளமா, சாய்தளம் இருக்கிற எடமாப் பாப்போம்."

சக்கர நாற்காலியில் இருந்த கோபிநாத்துக்குச் சுருக்கென்றது. வருடா வருடம் அவனை முதுகில் சுமந்து மாடியேற்றியவன் உதயசூரியன்தான்.

"தூக்கித் தூக்கிச் சலிச்சுப்போச்சா? சொல்லிரு, நான் வரல. எனக்காக ஒண்ணும் எடத்தை மாத்த வேணாம்."

"ஒனக்காக இல்லடா." உதயசூரியன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான். "காலு தடுமாறுதுன்னு மதுரைக்குப் போனேன்ல? தசை கொஞ்சங் கொஞ்சமாச் செத்துக்கிட்டு வருதாம். மருந்து இல்லைன்னுட்டாங்க. கூட்டம் நடக்கறப்ப நானும் சக்கர நாற்காலியிலதான் இருப்பேன்."

கோபிநாத் எப்போதும் தன்னைச் சுமக்கும் அந்தத் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பாக்குறதே பாக்குற, சாய்தளத்துல ரெண்டு நாற்காலி ஒண்ணாப் போற அகலம் இருக்கான்னு பாருடா."