முயலை விரட்டிய பறை

ஒருமுறை வேட்டையில் தப்பிப் பிழைத்த கிழமுயலுக்குப் பறைச்சத்தம் கேட்டது. புதரில் குட்டிகளை விட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடியது. ஓட ஓடச் சத்தம் வேகமெடுத்தது, மூச்சு முட்டியது.

"எங்கண்ணே இந்த ஓட்டம்?" என்றது ஆள்காட்டிக் குருவி.

"வேட்டைக்காரன் வர்றான். பறை கேக்கலையா?"

"ஆள் வந்தா முதல்ல கத்துறவ நான். இன்னும் வாயே திறக்கலையே!"

குருவி கூடவே பறந்து முயலின் நெஞ்சருகே காது வைத்துக் கேட்டது. பறை அங்கேதான் அதிர்ந்துகொண்டிருந்தது.

"இங்கதாண்ணே அடிக்குது. பயத்துல நீங்க ஓடுறீங்க, கூடவே அதுவும் ஓடுது. கொஞ்சம் நில்லுங்க."

"பயமா? எனக்கா?" முயல் முறைத்தது. ஆனாலும் ஓடத் தெம்பில்லாமல் உட்கார்ந்தது. மூச்சு மெல்லத் தணிந்தது. பறையும் அடங்கியது.

"பார்த்தியா, நான் நின்னதும் பின்வாங்கிட்டான்!"

"ஆமாண்ணே," என்றது குருவி. "அடுத்த தடவையும் இப்படியே நில்லுங்க."

முயல் மீசையைத் தடவிக்கொண்டு குட்டிகளிடம் திரும்பி நடந்தது.