பெற்றவளின் கைநாட்டு

"ஒரு கைநாட்டு போதுமுங்க. மத்ததையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள் பிரவீனா.

செல்லாத்தாள் அவள் பக்கம் திரும்பவில்லை. எருமைக்குச் சோளத்தட்டை உதறிப் போட்டபடியே, கார் ஓட்டி வந்த தாமஸைப் பார்த்தாள்.

"வெயில்ல ஏன் நிக்கற கண்ணு? நெழலுக்கு வா."

கோபிக்குத் தெற்கே, வாழைத்தோப்புக்கு நடுவில் தனியாக நின்ற வீடு அது. காலையில் கோவை விமான நிலையத்தில் பிரவீனாவை ஏற்றியபோதே தாமஸுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. டிவியில் பார்த்த முகம். கோபி கோர்ட்டில் சின்ன வக்கீலாகத் தொடங்கி, இன்று ஜெனீவாவில் பல நாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்றுக்கே தலைவி. எந்த நாட்டில் யாரைத் தூக்கில் போடப் போனாலும், கூடாது என்று முதலில் கேட்கும் குரல் அவளுடையது.

இப்போது தூக்குக்குக் காத்திருப்பவன் செல்லாத்தாளின் மகன் செங்கோடன். பல வருஷத்துக்கு முன் ஈரோட்டில் ஒரு வாத்தியாரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றவன்.

"ஜெயில்ல அவரு கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாருங்க. நாங்க அனுப்புன கருணை மனுவையெல்லாம் தள்ளுபடி பண்ணிப்போட்டாங்க. பெத்தவங்க கேட்டா மனசு எறங்குவாங்க. நாளைக்கே டெல்லிக்குப் போயாகோணும்" என்றாள் பிரவீனா.

"இந்த ஊட்டுல யாரும் உசுருப்பிச்சை கேக்கலீன்னு சொல்லிப்போடு கண்ணு" என்றாள் செல்லாத்தாள், தாமஸிடம்.

பெரிய ஆளிடம் நேராகப் பேசக் கூச்சம் போலிருக்கிறது என்று தாமஸ் நினைத்துக்கொண்டான்.

"ஏனுங்க ஆத்தா, மேடம் யாருன்னு தெரியாமப் பேசறீங்க. இவங்க சொன்னா ஒலகமே கேக்குதுங்க."

"ஒலகம் கேக்கட்டும். என்ற காதுல ஒண்ணும் உழுகலியே."

"கணீர்னுதானுங்க பேசறாங்க. எனக்கே கேக்குது."

"உனக்குக் கேக்கும் கண்ணு. எனக்குக் கேக்காது."

உள்ளே போய்ச் செம்பில் மோர் கொண்டு வந்து, தாமஸிடம் மட்டும் நீட்டினாள்.

பிரவீனா மைப்பெட்டியைத் திறந்துகொண்டு, சேலையில் சாணி ஒட்டுவதையும் பார்க்காமல் கிழவியின் காலடியில் முட்டி போட்டாள்.

"இந்த மாசத்துக்குள்ள அவரு பொணந்தான் இங்க வரும். அப்பறம் அழுது என்னங்க புண்ணியம்?"

"இந்த ஊடு அழுது முடிச்சு வெகு நாளாச்சு கண்ணு" என்றாள் செல்லாத்தாள், அப்போதும் தாமஸைப் பார்த்தே. "எம்மவன் தலை குனியாமச் சாகட்டும். நீ மோரைக் குடிச்சுப்போட்டு வண்டிய எடு."

கதவு சாத்திக்கொண்டது.

கார் மெயின் ரோட்டில் ஏறிய பின்னும் தாமஸுக்கு ஆறவில்லை.

"பெத்த மகன் உசுரை விடவாங்க மேடம் வீம்பு? நீங்க அத்தனை கெஞ்சியும், ஒருக்காக்கூட உங்க மூஞ்சியப் பாக்கலீங்களே, அந்தம்மா."

பிரவீனா வெளியே ஓடும் வாழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்தவ மூஞ்சிய எப்படீங்க பாப்பாங்க? அந்த வாத்தியாரை நான் கட்டுன அன்னிக்கே, எங்கம்மாவும் அண்ணனும் எனக்குக் கருமாதி செஞ்சுபோட்டாங்க."